தெருக்காவல் குழு தொடங்குவது எப்படி? டர்பன் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் தெருவில் 41 வீடு. சில வருடங்களுக்கு முன் மூன்றே வாரத்தில் ஆறு வீட்டுத் தண்ணீர் மீட்டர் களவு போனது. பித்தளையை எடைக்குப் போட்டால் காசு. விடிந்து எழுந்து பார்த்தால் குழாயில் தண்ணீர் வராது, வாசலில் குளம் கட்டி நிற்கும். ஆறாவது வீட்டுக்காரர் புலம்பியபோதுதான் முதல் வீட்டில் களவு போனதே எனக்குத் தெரிந்தது. அந்த வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர்கள் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் எங்கள் தெருக்காவல் குழு பிறந்தது.

அதன் பிறகு கற்றதையும் தவறியதையும் சேர்த்து இதை எழுதுகிறேன். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட், மெரேபேங்க் எங்கே இருந்தாலும் பொருந்தும். ஜொஹானஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருப்பவர்களுக்கும் சட்டம் இதேதான்.

எல்லாவற்றுக்கும் முன் ஒன்று. தெருக்காவல் என்றால் பார்ப்பது, சொல்வது. துரத்துவது, பிடிப்பது, விசாரிப்பது, அடிப்பது எதுவும் நம் வேலை இல்லை. இதை ஒப்புக்கொள்ளாதவர் எத்தனை நல்லவராக இருந்தாலும் குழுவில் சேர்க்காதீர்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதை முதலில் பேசிவிடுகிறேன்.

2021 ஜூலையை மறைத்து வைத்துக் குழு தொடங்க முடியாது

முன்னாள் அதிபர் ஜேக்கப் சூமா சிறைக்குப் போன அந்த வாரம் குவாஸுலு-நட்டால், கௌட்டெங் மாகாணங்களில் கலவரம் வெடித்தது. கடைகள் சூறையாடப்பட்டன, கிடங்குகள் எரிந்தன. நாடு முழுக்க 350க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். போலீஸை அழைத்தால் வர ஆள் இல்லை. ஜனங்கள் தெருமுனைகளில் டயரையும் கல்லையும் போட்டு மறித்துக்கொண்டு, இரவு முழுக்க விழித்திருந்தார்கள். அந்தப் பயம் நிஜம். என் மாமியாரின் குடும்பம், டர்பன் இந்தியர்கள் தாக்கப்பட்ட 1949 ஜனவரிக் கலவரத்தைப் பார்த்தது. 142 பேர் மாண்ட அந்த நாட்களைச் சொல்லிச் சொல்லி வளர்த்த வீடு எங்களுடையது. அதனால் அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் ஃபீனிக்ஸில் மட்டும் 36 பேர் கொல்லப்பட்டார்கள் என்பது அரசு சொன்ன கணக்கு. பெரும்பாலோர் கறுப்பின மக்கள், பெரும்பாலோர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்கள். தங்கள் பிள்ளை எந்தக் கடையையும் தொடவில்லை, அந்த வழியாக வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தான் என்று தாய்மார்கள் மனித உரிமை ஆணையத்தின் விசாரணையில் அழுதார்கள். காவலுக்கு என்று நின்ற கூட்டத்தில் சிலர் கொலைகாரர் ஆனார்கள். குழுவாக இருட்டில் நிற்பவர்களுக்கு, கையில் ஆயுதம் இருப்பவர்களுக்கு, எதிரே வருபவரின் தோலைப் பார்த்தே முடிவெடுப்பவர்களுக்கு அது நடக்கும். நம் தெருவில் நடக்காது என்று யாரும் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியாது. இனி வரும் விதிகள் அத்தனையும் இதை மனதில் வைத்து எழுதியவை.

முதல் படி: ஆறு வீட்டுக் கதவைத் தட்டுங்கள்

எடுத்த எடுப்பில் வாட்ஸ்அப் குழு தொடங்காதீர்கள். தொடங்கினால் முதல் நாளே எழுபது பேர் சேர்வார்கள், இரண்டாம் நாள் காலை வணக்கப் படங்கள் வரும், மூன்றாம் வாரம் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். முதலில் நேரில் போங்கள். உங்கள் வீட்டுக்கு இரு பக்கமும், எதிரிலும், பின்னாலும் இருக்கும் வீடுகள் போதும். ஞாயிற்றுக்கிழமை மாலை நல்ல நேரம். பிரியாணிச் சட்டி இறக்கியிருப்பார்கள், மனசு லேசாக இருக்கும்.

நீங்கள் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. இந்த ஆறு மாதத்தில் உங்களுக்கு என்ன போயிற்று, அல்லது எதைப் பார்த்துப் பயந்தீர்கள்? ராத்திரி ஒரு மணிக்கு உதவி வேண்டுமென்றால் இந்தத் தெருவில் யாரைக் கூப்பிடுவீர்கள்? இரண்டாவது கேள்விக்குப் பாதிப் பேர் பதில் சொல்ல முடியாமல் நிற்பார்கள். அந்த மௌனமே அவர்களை உங்கள் குழுவுக்குக் கொண்டுவரும்.

ஒரு தவறை நாங்கள் செய்தோம், நீங்கள் செய்யாதீர்கள். வீட்டுக்காரர்களை மட்டும் கேட்டோம். அவுட்பில்டிங்கில், அதாவது வீட்டு வளாகத்துக்குள் தனியாகக் கட்டிய சிறு வீட்டில், வாடகைக்கு இருப்பவர்களை விட்டுவிட்டோம். ஸுலு பேசும் நர்ஸ், மலாவியிலிருந்து வந்த தையல்காரர், ஈஸ்டர்ன் கேப் பக்கத்துப் பெண் என்று எங்கள் தெருவில் பதினோரு அவுட்பில்டிங் குடும்பம். நைட் ஷிப்ட் முடித்து விடியற்காலை நான்கு மணிக்குத் தெருவில் நடந்து வருபவர்கள் அவர்கள்தான். யார் எப்போது நடமாடுகிறார்கள் என்று நம்மைவிட அவர்களுக்கே நன்றாகத் தெரியும். மேலும், தெரியாத முகம் என்று நம் குழு முதலில் சந்தேகிக்கப் போவதும் அவர்களையே. ஆகவே முதல் நாளிலிருந்தே அவர்கள் உறுப்பினர்களாக இருக்க வேண்டும். உங்கள் பகுதியை ஒட்டிக் குடிசைப் பகுதி இருந்தால் அங்குள்ள கமிட்டியையும் போய்ப் பாருங்கள். மீட்டர் திருடனால் அவர்களுக்கும் தொல்லைதான்.

இரண்டாம் படி: போலீஸ் ஸ்டேஷன்

பத்துப் பேர் சேர்ந்ததும் ஸ்டேஷனுக்குப் போங்கள். எந்த ஸ்டேஷன் எல்லையில் இருக்கிறோம் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். சாட்ஸ்வொர்த்துக்குள்ளேயே சாட்ஸ்வொர்த் ஸ்டேஷன், பேவியூ ஸ்டேஷன் என்று இரண்டு உண்டு. தவறான ஸ்டேஷனைக் கூப்பிட்டு, அவர்கள் இங்கே கையைக் காட்ட, இவர்கள் அங்கே கையைக் காட்ட, அரை மணி நேரம் வீணாவது இங்கே வாடிக்கை.

அங்கே இரண்டு பேரைக் கேளுங்கள். ஒருவர் செக்டர் கமாண்டர். ஸ்டேஷன் எல்லையைச் செக்டர்களாகப் பிரித்திருப்பார்கள், உங்கள் தெருவுக்குப் பொறுப்பானவர் அவர். செக்டர் வண்டியில் கைப்பேசி இருந்தால் அதன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொருவர் சமூகக் காவல் மன்றத்தின் பொறுப்பாளர். எல்லோரும் சி.பி.எஃப். என்றே சொல்வோம். 1995ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கக் காவல்துறைச் சட்டப்படி ஒவ்வொரு ஸ்டேஷனோடும் இப்படி ஒரு மன்றம் இருக்க வேண்டும். போலீஸைப் பார்த்தாலே ஜனங்கள் ஒளிந்த நிறவெறிக் காலம் முடிந்த கையோடு, போலீஸ் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று உருவான ஏற்பாடு அது. உங்கள் தெருக்குழு இந்த மன்றத்தின் கீழ் பதிவாகட்டும். ரோந்து போகிறவர்களின் பெயர், அடையாள எண் கொடுத்தால், குற்ற வழக்கு உள்ளவர்கள் இருக்கிறார்களா என்று ஸ்டேஷன் வழியாகச் சரிபார்க்கக் கேட்கலாம். இதை யாரும் அவமானமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நான்தான் முதலில் என் விரல் ரேகையைக் கொடுத்தேன். அதற்குப் பிறகு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

சில ஸ்டேஷன்களில் உங்களை உட்கார வைத்துப் பேச மாட்டார்கள். ஆள் பற்றாக்குறை, வண்டி பழுது என்பார்கள். எங்களுக்கும் நான்காவது முறை போனபோதுதான் வேலை நடந்தது. கோபப்படாமல், ஒவ்வொரு முறையும் யாரைப் பார்த்தோம், என்ன தேதி, என்ன சொன்னார் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தோம். அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு போனபோது பேச்சே மாறியது.

மூன்றாம் படி: கூட்டம், விதி, பொறுப்பு

கோயில் மண்டபம் கிடைத்தால் நல்லது, ஆனால் கோயிலுக்கு வராதவர்கள் தயங்கினால் பள்ளிக்கூட வகுப்பறையைக் கேளுங்கள். எங்கள் தெருவில் முஸ்லிம் வீடு, கிறிஸ்தவ வீடு, இந்தி வீடு எல்லாம் உண்டு. பள்ளிக்கூடமே எல்லோருக்கும் சரிப்பட்டது. கூட்டத்தை ஒரு மணி நேரத்தில் முடியுங்கள். செக்டர் கமாண்டரை அழையுங்கள். அவர் வரவில்லை என்றாலும் நடத்துங்கள்.

தலைவர், செயலாளர், பொருளாளர் போக, பத்து வீட்டுக்கு ஒருவர் என்று தெருப் பொறுப்பாளர்களை நியமியுங்கள். தலைவரைவிட இவர்களே முக்கியம். விதிகள் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். எங்களுடையது இப்படி இருந்தது: துப்பாக்கி, கத்தி, சாம்போக் என்ற தோல் சாட்டை எதுவும் ரோந்தில் கிடையாது, உரிமம் இருந்தாலும் கிடையாது. குடித்துவிட்டு வரக் கூடாது. தனியாக ரோந்து போகக் கூடாது. யாரையும் நிறுத்தக் கூடாது, சோதிக்கக் கூடாது, அடையாளச் சீட்டு கேட்கக் கூடாது. மீறினால் அன்றே நீக்கம், மறுபேச்சு இல்லை. ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

சட்டம் தெரிந்தவர் ஒருவர் எழுந்து, குற்றவாளியைக் குடிமகனே கைது செய்யலாமே என்று கேட்பார். எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் கேட்பார். 1977ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுப்பது உண்மைதான். கொள்ளை, கொலை போன்ற பெரிய குற்றம் நம் கண்ணெதிரே நடந்தால் நாமும் கைது செய்யலாம், உடனே போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். ஆனால் இந்த உரிமையை இருட்டில், பதற்றத்தில், சரியாகப் பயன்படுத்துவது போலீஸுக்கே கடினம். தவறான ஆளைப் பிடித்தால் வழக்கு நம் மேல். ஒரு அடி தவறாக விழுந்தால் சிறைக்குப் போவது நம் வீட்டுப் பிள்ளை. சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காகக் குழு அதைச் செய்ய வேண்டியதில்லை என்று சொல்லி உட்கார வையுங்கள்.

நான்காம் படி: தெருவின் படம்

ஒரு பெரிய சார்ட் தாளில் தெருவை வரையுங்கள். வீட்டு எண், விளக்குக் கம்பம், எரியாத விளக்கு, புதர் மண்டிய காலி மனை, இரண்டு தெருவுக்கு நடுவில் இறங்கும் படிக்கட்டுப் பாதை, மூடி களவு போன சாக்கடைக் குழி எல்லாவற்றையும் குறியுங்கள். நாங்கள் வரைந்து முடித்தபோது களவு போன ஆறு மீட்டரில் ஐந்து, ஒரே படிக்கட்டுப் பாதையின் இரு பக்கமும் இருந்தது எங்களுக்கே தெரிந்தது. அந்தப் பாதையின் விளக்கு ஒரு வருடமாக எரியவில்லை. நகராட்சியிடம் கம்பத்தின் எண்ணைச் சொல்லிப் புகார் கொடுத்து, புகார் எண் வாங்கி, வார்டு கவுன்சிலருக்கும் அனுப்பினோம். விளக்கு எரிய இரண்டு மாதம் ஆனது. அதற்குள் இரு பக்க வீட்டுக்காரர்களும் செடியை வெட்டி, சுவரில் சோலார் விளக்கு மாட்டிவிட்டார்கள். ரோந்து தொடங்கும் முன்பே மீட்டர் களவு நின்றது. என்னைக் கேட்டால் ரோந்தைவிட வெளிச்சத்துக்கே முதல் செலவைச் செய்யச் சொல்வேன். லோட் ஷெடிங் என்னும் மின்வெட்டு நேரத்தில் எந்த மூலை இருண்டு போகிறது என்பதையும் அதே படத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படத்தோடு ஒரு பட்டியலும் வேண்டும். தனியாக இருக்கும் முதியவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர், ஆக்ஸிஜன் இயந்திரம் ஓடும் வீடு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனில் மண் சரிந்து, பாலம் உடைந்து, நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்த அந்த வாரம் எங்களுக்குக் கைகொடுத்தது இந்தப் பட்டியல்தான். யார் வீட்டில் தண்ணீர் சுமந்து வர ஆள் இல்லை என்று தேட வேண்டியிருக்கவில்லை. ஆனால் பட்டியல் செயலாளரிடம் மட்டும் இருக்கட்டும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், நாம் போப்பியா என்று சொல்வது, 2021 ஜூலை முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. பெயர், எண், நோய் விவரம் எதை எழுதினாலும் அவர்களிடம் கேட்டு எழுதுங்கள், வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.

ஐந்தாம் படி: இனி வாட்ஸ்அப்

இரண்டு குழு வையுங்கள். ஒன்று அவசரத்துக்கு மட்டும். இன்னொன்று தண்ணீர் வரவில்லை, நாய் காணோம், கூழ் ஊற்றுகிறோம் வாருங்கள் என்ற ஊர்ப் பேச்சுக்கு. அவசரக் குழுவில் நன்றி, கும்பிடு படம்கூட வேண்டாம். ராத்திரி அந்தக் குழுவின் மணி அடித்தால் ஜனங்கள் எழ வேண்டும். அந்த மரியாதை ஒருமுறை போனால் திரும்ப வராது.

செய்தி எழுதுவதைக் கற்றுக்கொடுங்கள். இது சின்ன விஷயம் இல்லை. எங்கள் குழுவில் ஆரம்பத்தில் வந்த செய்தி ஒன்று: “பிராவோ மேல் ஒருத்தன் மேல் முனையில் நிக்கிறான், எல்லாரும் கவனம்.” பிராவோ என்றால் ஆங்கில எழுத்து ‘பி’, பிளாக். அதோடு வரும் ‘மேல்’ ஆங்கிலத்தில் ஆண். அதாவது கறுப்பினத்து ஆண். இந்த நாட்டில் பல குடியிருப்புகளின் குழுக்களில் ஓடும் சங்கேதம் அது. காலை ஐந்து மணி. நானும் மூலை வீட்டு அங்கிளும் போய்ப் பார்த்தோம். ஐம்பது வயது இருக்கும், நீல ஓவர்ஆல், கையில் ஐஸ்கிரீம் டப்பாவில் சோறு. முதல் டாக்சிக்காகக் காத்து நின்றார். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டு அவுட்பில்டிங்கில் இரண்டு வருடமாகக் குடியிருப்பவர். எங்கள் இருவரின் டார்ச்சும் தன் முகத்தில் விழுந்ததும் அவர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கினார். அதை நான் மறக்கவே மாட்டேன். மன்னிப்புக் கேட்டோம். அன்று மாலையே விதியில் ஒரு வரி சேர்த்தோம்: நிறம், இனம், சாதி, மதம் எதுவும் சந்தேகத்துக்குக் காரணம் ஆகாது. ஆள் என்ன *செய்கிறார்* என்று சொல்ல முடியாவிட்டால் செய்தி போடாதீர்கள்.

நல்ல செய்தி இப்படி இருக்கும்: “இரவு 11.40. 27ஆம் எண் வாசல். வெள்ளைப் பக்கி (பிக்கப் வண்டி), பின்கதவு நசுங்கியது, நம்பர் என்டியில் தொடங்குகிறது, கடைசி மூன்று எண் 418. இரண்டு ஆண்கள், ஒருவர் சிவப்புக் குல்லாய். மீட்டர் பெட்டியைத் திறக்கிறார்கள். 10111 அழைத்தாயிற்று, அழைத்தது 31ஆம் வீடு.” எப்போது, எங்கே, என்ன நடக்கிறது, எப்படி அடையாளம் காண்பது, போலீஸை யார் அழைத்தார். கடைசி வரி இல்லையென்றால் இருபது பேர் படிப்பார்கள், ஒவ்வொருவரும் அடுத்தவர் அழைத்திருப்பார் என்று நினைப்பார்கள்.

யாருடைய முகத்தையும் படம் பிடித்து “திருடன்” என்று பரப்பாதீர்கள். கேமராவில் பதிந்த காட்சி இருந்தால் போலீஸுக்குக் கொடுங்கள். நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் முன் ஒருவரைத் திருடன் என்று எழுதியவர் மேல் அவதூறு வழக்கு வரலாம். வழக்கைவிடக் கொடுமை, அந்தப் படம் பத்துக் குழு தாண்டிப் போய், எங்கோ ஒரு கூட்டம் அந்த ஆளை அடிப்பது.

வயதானவர்கள் பலருக்கு இந்த எழுத்து வேலையே வராது. எங்கள் தெருவின் ஆன்ட்டிகளுக்குக் குரல் செய்தி அனுப்பப் பழக்கினோம். தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசினால் பொறுப்பாளர் எழுதிப் போடுவார். நாள் முழுக்க ஜன்னலோரம் இருப்பவர்கள் அவர்கள். எங்கள் குழுவின் மிகச் சிறந்த கண்கள் அவர்களுடையவை.

ஆறாம் படி: ரோந்து

எல்லாத் தெருவுக்கும் ரோந்து தேவையில்லை. வெளிச்சமும் செய்தியும் போதுமான தெருக்கள் நிறைய உண்டு. தேவை என்று முடிவு செய்தால் வாரத்தில் இரண்டு இரவு, இரண்டு மணி நேரம் என்று தொடங்குங்கள். தினமும் என்று தொடங்கினால் ஒரு மாதத்தில் நால்வர் மட்டும் மிச்சம் இருப்பார்கள். மீட்டரும் கேபிளும் எந்த நேரத்தில் போகிறது என்று உங்கள் நோட்டைப் பார்த்து, அந்த நேரத்துக்கு முறை வையுங்கள்.

குறைந்தது மூன்று பேர், ஒருவராவது பெண்ணாக இருந்தால் நல்லது. ரிஃப்ளெக்டர் சட்டை கட்டாயம். நாம் ஒளிந்து பிடிக்கப் போகவில்லை, தெரியும்படி நடக்கப் போகிறோம். டார்ச், விசில், சார்ஜ் நிறைந்த போன். வாக்கி-டாக்கி வாங்க நினைத்தால் அதற்குத் தொலைத்தொடர்பு ஆணையமான ஐகாசாவின் உரிமம் தேவையா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். கிளம்பும் முன் இன்னார் போகிறோம், இன்ன நேரம் திரும்புவோம் என்று ஸ்டேஷனுக்கோ சி.பி.எஃப். பொறுப்பாளருக்கோ தெரிவியுங்கள். கட்டுப்பாட்டு ஆள் ஒருவர் வீட்டிலேயே போனும் நோட்டுமாக உட்கார்ந்திருக்க வேண்டும். முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏற்ற வேலை, பெருமையான வேலையும்கூட.

எதிரே யாராவது வந்தால் டார்ச்சைத் தரையில் பிடித்துக்கொண்டு ஸுலுவில் வணக்கம் சொல்லுங்கள். “சவுபோனா, பாபா.” “சவுபோனா, மா.” அவ்வளவுதான். நல்லவருக்கு அது மரியாதை. களவுக்கு வந்தவருக்கு, தன்னை ஒருவர் பார்த்துவிட்டார் என்ற செய்தி. இரண்டுக்கும் ஒரே சொல் போதும் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

சம்பவம் நடக்கும்போது

விசில் ஊதுங்கள், வாசல் விளக்கைப் போடுங்கள், வீட்டுக்குள் இருங்கள். 10111 போலீஸ். கைப்பேசியிலிருந்து 112 எந்த அவசரத்துக்கும். ஆம்புலன்ஸ் 10177. அழைப்பை எடுத்தவர் பேரைக் கேட்டு, அழைப்புக்கு எண் கொடுத்தால் எழுதிக்கொள்ளுங்கள். திருடன் ஓடினால் எந்தத் திசை என்று மட்டும் பாருங்கள். ஓடட்டும். மீட்டர் போனால் மீட்டர்தான் போயிற்று.

களவு நடந்த இடத்தைத் துடைக்காதீர்கள், உடைந்த கதவைத் தொடாதீர்கள். மறுநாள் பாதிக்கப்பட்டவரோடு ஒருவர் ஸ்டேஷனுக்குப் போய் வழக்கு எண் வாங்கும்வரை கூட இருங்கள். சின்னத் திருட்டுதானே என்று பலர் புகாரே கொடுப்பதில்லை. புகார் இல்லாத தெருவைக் குற்றமே இல்லாத தெருவாகத்தான் ஸ்டேஷன் கணக்கு காட்டும், வண்டியும் வேறு பக்கம் போகும்.

வீட்டுக்குள்ளிருந்து அலறல் கேட்டால் அது குடும்ப விவகாரம் இல்லை. போலீஸைக் கூப்பிடுங்கள். குழுவில் எழுதாதீர்கள், அடிபடும் பெண்ணின் கணவரும் அதே குழுவில் இருப்பார். பாலின வன்முறைக்கான 0800 428 428 எண்ணை அந்தப் பெண்ணின் கையில் தனியாகச் சேருங்கள்.

திருடன் நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால்

இதைத் தெருவில் யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள். எங்கள் மீட்டர்களை எடுத்தவர்களில் ஒருவன் எங்கள் தெருப் பையன். சுகர்ஸ். மலிவான ஹெராயினோடு என்னென்னவோ கலந்து விற்கும் அந்தப் பொடி, சாட்ஸ்வொர்த்தில் ஒரு தலைமுறைப் பிள்ளைகளையே தின்றது. தாயின் தாலியையே எடுத்து விற்ற பிள்ளைகள் உண்டு. குழுவில் சிலர் அவனை அடித்துத் துரத்த வேண்டும் என்றார்கள். நாங்கள் மூன்று பேர் அவன் அம்மாவைப் போய்ப் பார்த்தோம். கதவைத் திறந்ததும் அழுதுவிட்டார், யாராவது வருவார்களா என்று இரண்டு வருடமாகக் காத்திருந்ததாகச் சொன்னார். 0800 12 13 14 போதைப் பழக்கத்துக்கான இலவச உதவி எண். அங்கிருந்து தொடங்கி ஒரு இடம் கிடைக்க நாலு மாதம் ஆனது. அவன் முழுக்க மீண்டான் என்று சொல்ல மாட்டேன், ஒருமுறை சறுக்கினான். இப்போது வேலைக்குப் போகிறான்.

விற்பவன் வேறு. அவன் வீடு தெரிந்தாலும் குழுவாகப் போய் நிற்காதீர்கள். பெயர் சொல்லாமல் தகவல் கொடுக்க 08600 10111 என்ற எண் இருக்கிறது.

பணம், கம்பெனி, தடுப்புக் கட்டை

வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று வசூலித்தால் இரண்டு பேர் கையெழுத்தில் வங்கிக் கணக்கு வையுங்கள். கணக்கைத் திறக்க எழுதிய விதிமுறை கேட்பார்கள், அதுதான் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறதே. வரவு செலவை மாதம் ஒருமுறை குழுவில் போடுங்கள். கொடுக்க முடியாத வீட்டை ஒருபோதும் பெயர் சொல்லாதீர்கள்.

ஆயுதப் பாதுகாப்புக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டாலும், தெருமுனையில் ஒருவரைச் சம்பளத்துக்கு உட்கார வைத்தாலும், அவர் 2001ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் பாதுகாப்புத் துறை ஆணையமான பிசிராவில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். அட்டையைக் கேட்டுப் பாருங்கள். பொதுத் தெருவில் நீங்களாகத் தடுப்புக் கட்டை போடக் கூடாது, நகராட்சி அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் கடப்பவரை மறித்து எங்கே போகிறாய் என்று கேட்கும் உரிமை வந்துவிடாது.

குழு சோராமல் இருக்க

களவு குறைந்ததும் ஜனங்கள் கழன்றுகொள்வார்கள். அப்போது பிடித்து நிறுத்துவது பயம் இல்லை, உபயோகம். எங்கள் குழு இன்றும் உயிரோடு இருப்பதற்கு ஒரே காரணம் சாவு வீட்டுக் காவல் என்பேன். கிளேர் எஸ்டேட் மயானத்துக்குக் குடும்பமே கிளம்பிப் போகும், வீடு காலி. எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும். அந்த மூன்று மணி நேரம் நம் ஆள் இருவர் அந்த வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். திரும்பி வருபவர்களுக்குக் குளிக்கத் தண்ணீரும் தேநீரும் தயாராக இருக்கும். அந்தக் குடும்பம் அதன் பிறகு ரோந்து முறையைத் தவறவிட்டதே இல்லை. கல்யாணம், தைப்பூசக் காவடி, ஈஸ்டர் தீமிதி நாட்களிலும் இப்படித்தான். தெருவே கோயிலில் இருக்கும்போது கோயிலுக்குப் போகாத முஸ்லிம், கிறிஸ்தவ வீட்டார் பார்த்துக்கொள்வார்கள். ஈத் அன்றும் கிறிஸ்துமஸ் அன்றும் நாங்கள்.

தீபாவளி, நவம்பர் 5இல் வெடி வெடிக்கும் ‘கை ஃபாக்ஸ்’ நாள் ஆகிய இரவுகளுக்கு முன்கூட்டியே ஒரு செய்தி போடுங்கள். வெடிச் சத்தத்தைத் துப்பாக்கி என்று நினைத்து அழைத்துக்கொண்டே இருப்பார்கள், உண்மையான அழைப்பு அதில் மூழ்கிவிடும்.

மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம், வருடத்துக்கு ஒரு தேர்தல். ஒரே ஆள் தொடர்ந்து தலைவராக இருந்தால் அது அவருடைய குழு ஆகிவிடும். நான் இரண்டு வருடத்தில் இறங்கினேன், இப்போது வெள்ளிக்கிழமை முறைக்காரி மட்டும். இந்த வெள்ளி எங்களோடு நடக்கப் போவது 14ஆம் எண் அவுட்பில்டிங்கில் புதிதாக வந்திருக்கும் நர்ஸ். சின்ன உடம்பு. இருக்கிற ரிஃப்ளெக்டர் சட்டை எல்லாம் அவருக்குத் தொளதொள என்று இருக்கும், ஒன்றைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன்.